ஆள் நேரில் வர வேண்டும்

என் மேசை இழுப்பறையில் ஒரு பீடிக் கத்தரி கிடக்கிறது. நனைத்த பீடி இலையின் மேல் தகட்டை வைத்து அளவாக வெட்டுகிற கத்தரி. பெருவிரல் படும் இடத்தில் பழைய துணி சுற்றி, அதற்கு மேல் பீடி நூலால் இறுக்கிக் கட்டியிருக்கும். என் மதினியுடையது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாதம் கையில் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகிற வரைக்கும் கீழே வைக்கவில்லை. அவள் போன பிறகு அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

சேரன்மகாதேவிக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டிய ஓர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். சனங்களுக்கு நான் கம்பவுண்டர். புதன்கிழமைதோறும் சர்க்கரைக்காரர்கள் வந்து விரலில் குத்தி ரத்தம் காட்டி, நோட்டில் எழுதிக்கொண்டு, என் சன்னலில் மாத்திரை வாங்கிப்போவார்கள். சன்னலுக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். ‘உங்கள் உடம்பு, உங்கள் பொறுப்பு. ஆள் நேரில் வர வேண்டும்.’ மேலிடத்திலிருந்து வந்த அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். நானே சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியது. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை! கொஞ்சம் வாய் நீளம் எனக்கு. சும்மா கிடைக்கிறது என்றால் ஒருத்தருக்கும் அருமை தெரியவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பிரசங்கம் பண்ணுவேன்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் மதினி வந்தாள். அண்ணன் குடும்பம் இருந்த எங்கள் சொந்த ஊரிலிருந்து காலையில் ஒரு பஸ், திரும்பிப்போக மத்தியானம் ஒரு பஸ். கையில் நான்கு நோட்டுகளைப் பீடி நூலால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தாள். ஒன்று அவளுடையது, மற்ற மூன்றும் அவளோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிற தெருப் பெண்களுடையவை.

“தம்பி, அவளுவ நேத்தே இலைய நனைச்சுப் போட்டுட்டாளுவ. இன்னிக்குச் சுத்தலைன்னா அம்புட்டும் பாழாப் போவும். நான் மட்டும் இலைய நனைக்காம வந்தேன். நாலு பேருக்கும் சேத்துக் குடுத்துருங்க” என்றாள்.

வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் சொந்தக்காரிக்கு அள்ளிக் கொடுக்கிறார் என்று ஒரு சொல் கிளம்பிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆளைப் பார்த்தால் போதும், நடுவில் தெரிந்தவர்கள் வந்தால் கொடுத்து அனுப்புங்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். அன்றைக்கு அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். எட்டிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“அட்டையப் படிச்சுப் பாருங்க மதினி. பீடிதான் பெருசுன்னா அவளுவ பீடியவே கட்டிக்கிட்டு அழட்டும். உடம்பப் பாத்துக்கிட வக்கில்லாதவளுக்கு அரசாங்கம் என்ன செய்யும்?” என்று சத்தம் போட்டேன்.

மதினி முகம் சுருங்கவில்லை. நூலை அவிழ்த்து, தன் நோட்டை மட்டும் உள்ளே நீட்டினாள். “கோவப்படாதீங்க, எனக்குள்ளத மட்டும் குடுங்க, போயிட்டு வாரேன்” என்றாள். மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தாள். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு நான் அடுத்த நோட்டை வாங்கினேன்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் வந்தாள். தன் நோட்டோடு மட்டும். சர்க்கரைதான் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டி எழுதினார் டாக்டரம்மா. அப்போதும் ஏறியது. நான் விடுவேனா? கருப்பட்டிக் காப்பி குடிக்கிறீர்களா, சோற்றை அள்ளி வைக்கிறீர்களா என்று குடைவேன். “ஆமா தம்பி, ஒங்க அண்ணனுக்குத் தெரியாம சீனி டப்பாவுக்குள்ளதான் கெடக்கேன்” என்று சிரிப்பாள். நானும் நம்பினேன். வாயைக் கட்டத் தெரியாத மனுசி என்று வீட்டில் வந்து என் மனைவியிடமும் சொன்னேன்.

ஒரு நாள் மடியில் சுளகை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து கத்தரி நழுவி, நீட்டியிருந்த காலில் குத்தி நின்றிருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன கால். அவளுக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் ரத்தத்தைப் பார்த்துக் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தாளாம். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மிச்ச இலையையும் சுற்றி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பத்தாம் நாள் காய்ச்சல். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலோடு எடுத்தார்கள். அவர்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். “ஏலே, மாசாமாசம் உங்கிட்டதானல வாங்கிப் போட்டா. பெறவு எப்படில இப்படி ஆச்சு?”

“மதினி ஒழுங்காப் போட்டிருக்க மாட்டாங்கண்ணே” என்றேன். அட பாவி! உயிருக்குப் போராடுகிறவள் மேல் பழியைத் தூக்கிப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மதினி போன பதினாறாம் நாள் விசேஷத்தில் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, அந்த மூன்று பெண்களில் மூத்தவள் என்னை நிறுத்தினாள். “ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி” என்று ஆரம்பித்தாள். பீடித் தெருவில் ஒருத்திக்கு இலை குறைந்தால் பக்கத்தில் இருப்பவள் தன் கட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அது அங்கே வழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை. மாத்திரையையும் அப்படித்தான் பங்கு வைத்திருக்கிறாள் என் மதினி. “ஒரு நாக் கூலிய விட்டுட்டு எங்களால வர முடியல. நாங்க மூணு பேரும் அவ மாத்திரையத்தான் தின்னோம். எவளுக்குத் தல சுத்துதோ அவளுக்கு மொதல்ல. ஒங்க மதினிக்கு மிஞ்சுனாத்தான் உண்டு. கேட்டா, கம்பவுண்டர் எங் கொழுந்தன், எனக்குக் குறைய விட மாட்டாருன்னு சொல்லுவா.”

நான் ஈரக் கையோடு நின்றேன். அழுகைகூட உடனே வரவில்லை. வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வந்தது. மறுநாள் அட்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தேன். அதன் பிறகு சேர்த்துக் கட்டிய நோட்டுகள் வந்தால் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. அண்ணனிடம் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

வைத்தியம் சனங்களின் உரிமையா, அவரவர் பொறுப்பா என்று டிவியில் உட்கார்ந்து கத்துகிறார்கள். நான் எழுந்து போய்விடுவேன். பொறுப்பு என்று பார்த்தால் அந்தத் தெருவிலேயே மதினியைப் போலப் பொறுப்பானவள் கிடையாது. நாலு உடம்புக்குப் பொறுப்பேற்றாள். உரிமை என்று பார்த்தால், அந்த மூன்று பேருக்கான மாத்திரையும் அவர்களுக்கென்றே வந்து என் அலமாரியில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது.

ஓய்வு பெற்று டவுனில் இருக்கிறேன். எனக்கும் சர்க்கரைதான். இப்போதெல்லாம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பை மாட்டிய ஒரு சின்னப் பெண் மாதம் ஒரு தடவை வந்து, வாசலிலேயே விரலில் குத்திப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாள். போன வாரம் வந்தவள், அடுத்த வீடு பூட்டியிருப்பதைப் பார்த்தாள்.

“ஆச்சி மக வீட்டுக்கு வள்ளியூர் போயிருக்காங்களாம், நாளைக்குத்தான் வருவாங்களாம். அவங்க மாத்திரையையும் ஒங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன் அண்ணாச்சி. மாத்திரை அட்டைய நறுக்கணும், கத்தரி இருக்கா?”

இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒரே வெட்டில் நறுக்கியது. எனக்கு உள்ளதையும் அடுத்த வீட்டுக்கு உள்ளதையும் பிரித்து என் கையில் வைத்துவிட்டு, நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அவள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். ஆள் நேரில் வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.