யாரும் மிதிக்காத பன்னிரண்டு கால்மிதிகள்

பதுமியின் கண் முன்னால் யாரும் நிம்மதியாகச் சிப்ஸ் தின்ன முடியாது. கல்யாண வீடானாலும் எதிரில் வந்து நின்றுகொண்டு, "சீக்கிரம் தின்னு தம்பி, கவரைக் கசக்காத" என்பாள். தின்பவனுக்குத் தொண்டையில் சிக்கும். ஜனவரியில் தன்சிரி ஆற்றங்கரைக்குப் பிக்னிக் வருகிறவர்கள் எறிந்துவிட்டுப் போவதையெல்லாம் அவளும் அவள் குழுவின் ஆறு பெண்களும் சாக்கில் அள்ளிவந்து, அலசி, மூங்கில் வேலியில் காயப்போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரில் திருவிழா போல இருக்கும். கிட்டே போனால் சோப்புத்தூள் கவர்.

காய்ந்ததை நாடா நாடாக வெட்டி, முடிச்சுப் போட்டு, பருத்திப் பாவுக்குக் குறுக்கே ஓட்டி நெய்வார்கள். காசிரங்காப் பக்கம் தறி இல்லாத வீடு கிடையாது. ஆனால் குப்பையை ஏற்றிய தறி அந்த ஏழு வீடுகளில்தான். "பதுமி வீட்டுல குப்பைக்குக் கல்யாணம்" என்று ஊர் சிரித்தது. அந்த நேரத்தில்தான் காட்டோர விடுதி ஒன்றிலிருந்து பன்னிரண்டு கால்மிதிக்கு முதல் ஆர்டர் வந்தது. "நல்லா இருந்தா மாசாமாசம் எடுத்துக்கறோம்" என்றார் மேனேஜர். சொதப்பினால் ஊர் சிரித்தது சரி என்றாகிவிடும்.

பதுமி மூன்று வருடமாகப் பதுக்கிவைத்திருந்த சிவப்புக் கவர்களை வெளியே எடுத்தாள். சிவப்பு லேசில் கிடைக்காது. வெள்ளைப் பால் கவரில் உடம்பு, இரண்டு ஓரத்திலும் சிவப்பில் பூக்கரை. சின்ன வயதிலிருந்து கமோசாத் துண்டு நெய்த கை. வெள்ளையும் சிவப்பும் கிடைத்தால் வேறு எதை நெய்யும்? ஆறு பெண்களும் தடவித் தடவிப் பார்த்து, "அக்கா, கண்ணு பட்டுடும்" என்றார்கள். தரையில் கிடக்கப்போகிற சாமான் என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

விடுதியில் உறைத்தது. வாசல்களில் போட்ட மறுநாளே மேனேஜர் ஆள் அனுப்பினார். பதுமி போய்ப் பார்த்தால், டீ கொடுக்கிற தனேஸ்வர் ஓர் அறை வாசலில் தட்டோடு நிற்கிறார்.

"ஏண்ணா இங்கயே நிக்கறீங்க?"

"நல்லா கேட்ட போ! விருந்தாளி தோள்ல போடற கமோசாவை, சாமி முன்னால விரிக்கறதைக் கொண்டாந்து வாசல்ல போட்டிருக்க. எப்படிம்மா மிதிக்கறது? காலையில தாண்டிப் பார்த்தேன். டீ பூரா சட்டையில."

கூட்டுகிற பெண் ஜன்னல் வழியாக ஏறி இறங்குகிறாளாம். மேனேஜர் வெளியூர்க்காரர். "அம்மா, பார்க்க அருமையா இருக்கு. ஆனா என் ஆளுங்க எல்லாரும் தவளை மாதிரி குதிக்கறாங்களே, என்னதான் பண்ணி வச்சிருக்கீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் ஒரு பயணி சேற்றுப் பூட்ஸோடு வந்து சிவப்புப் பூவுக்கு நேராகக் காலைத் தூக்கினான்.

"ஐயோ, வேணாம்!" பதுமி பாய்ந்து கால்மிதியை உருவினாள். அவன் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மேனேஜர் தலையில் கை வைத்தார். ஆர்டர் போயிற்று என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் மீதிப் பதினொன்றையும் ஓடி ஓடிச் சுருட்டி, நெற்றியில் ஒற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்தது பால் கவரைத்தான். கண்ணில் நிறைந்த தண்ணீருக்கு அது தெரியவில்லை.

"எட்டே நாள் குடுங்க சார். மிதிக்கற மாதிரியே பண்ணித் தரேன்."

அந்தப் பன்னிரண்டும் அவள் பெட்டியின் மேல் அடுக்காக ஏறின. அதன்மேல் உட்காரப்போன புருஷன் ஹேமோ நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான். பிறகு ஏழு பெண்களுமாக இருப்பதிலேயே அசிங்கமான கவர்களாகப் பொறுக்கினார்கள்: புகையிலைக் கவர், மாட்டுத்தீவனச் சாக்கு, கறுப்புப் பை. முதல் கால்மிதியைத் தறியிலிருந்து அறுத்தெடுத்ததும் பதுமி ஹேமோவிடம் நீட்டினாள்.

"இதைப் பாத்தா மிதிக்கத் தோணுதா?"

"தோணுது. காறித் துப்பக்கூடத் தோணுது."

"அப்ப சரி."

ஒன்பதாம் நாள் அவற்றைப் பார்த்த மேனேஜரின் முகம் சுருங்கியது. "முன்னது மாதிரி அழகா இல்லையே..."

பதுமி அவர் முகத்தையே பார்க்கவில்லை. தனேஸ்வரின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டோடு வந்தார், வாசலில் நின்றார், குனிந்து முறைத்தார். பிறகு வலதுகாலை வைத்தார். இடதுகாலையும் வைத்தார். பத்து வருடத்து அழுக்கு போகிற மாதிரி இரண்டையும் தேய்த்துவிட்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் உள்ளே போனார்.

மேனேஜர் அடுத்த மாதத்துக்கும் பன்னிரண்டு கேட்டார். "இதே அசிங்கத்துலதானே சார்?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டாள் பதுமி.