பின் சீற்றுக்குச் சூடு

இரண்டு மாதத்துக்கு முன், புத்தளத்துக்குப் பக்கத்தில் பாலாவியில் ஒரு கராஜில் என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

காரின் பின் சீற்றுக்கு ஹீட்டர் பூட்ட முடியுமா என்று கேட்டேன். அவ்வளவுதான். கார் வயரிங் செய்யும் நிஸ்தார் கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வெயில்ல சீட்டு தோசக்கல்லு மாதிரி கெடக்கு. இதுக்கு மேல ஹீட்டரா டீச்சர்?"

சிரிக்கட்டும். புத்தளத்தில் போய்ச் சூட்டைக் காசு கொடுத்து வாங்குகிறேன் என்றால் வேறென்ன செய்வார்கள்? நீங்களும் இப்போது சிரித்துக்கொண்டுதான் வாசிக்கிறீர்கள் என்று தெரியும். முழுக்க வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

கார் என்னுடையதல்ல – தம்பி ரவியுடையது. யுத்தம் முடிந்தபின் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து, கற்பிட்டிக் கடற்கரையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறான். பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் வழுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்கள்தான் அவனுடைய வாடிக்கை. கார், ஜப்பானில் பனி கொட்டும் ஏதோவொரு ஊரில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. அதனால் முன் சீற் இரண்டுக்கும் சூடேற்றும் வசதி உண்டு. பின் சீற்றுக்கு இல்லை.

பின் சீற்றில் இருப்பது எங்கள் அக்கா.

தவமணி என்று பெயர். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்து மாம்புரியில் குடியேறியபோது அப்பா உயிரோடில்லை. அம்மா படுத்த படுக்கை. அக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். ஈர உப்புக் கூடையைத் தலையில் சுமந்து சுமந்துதான் என்னை ரீச்சராக்கினாள், தம்பியை விமானம் ஏற்றினாள். கலியாணம்? அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை… நானும்தான். இப்போது முதுகெலும்பு தேய்ந்துபோய், கிழமைக்கு ஒரு தடவை சிலாபத்தில் பிசியோதெரபி.

அதே நாளில் தம்பியும் அவன் மனைவி சுபாவும் கெஸ்ட் ஹவுஸுக்குச் சாமான் வாங்கச் சிலாபம் போவார்கள். எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். சுபா கெட்டவளில்லை. வெக்கை தாங்காதவள். ஏசியை உச்சத்தில் வைப்பாள். அந்தக் குளிர் பின்னால் வந்து அக்காவின் இடுப்பில் குந்திக்கொள்ளும். பாலாவிச் சந்தி வருமுன்னமே அக்காவின் முகம் கறுத்துவிடும். வாய் மட்டும் திறக்காது.

ஒருநாள் சுபா வரவில்லை. அக்கா முன்னால் இருந்தாள். தம்பி விளையாட்டுப் போல ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டான். சிலாபத்தில் இறங்கியபோது அக்கா என் தோளைப் பிடிக்கவில்லை. தானாகவே நிமிர்ந்து நடந்து போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்படியென்றால் அக்காவை எப்போதும் முன்னால் இருத்தலாமே என்பீர்கள். முன் சீற் சுபாவின் இடம். இதை ஒருவரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். சரி, ஏசியையாவது குறைக்கச் சொல்லலாமே? சொல்லலாம்தான் – ஆர் சொல்வது? எங்கள் குடும்பங்களில் ஒரு பொத்தானைக் கொஞ்சம் திருப்பு என்று கேட்பதைவிட, ஒரு மெசினை வாங்கிப் பூட்டிவிடுவது லேசு.

அதனால்தான் கராஜுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் நிஸ்தாரின் சிரிப்பு நின்றுவிட்டது. பின் சீற்றைக் கழற்றி, உறையைப் பிரித்து, சூடேறும் மெல்லிய விரிப்பை உள்ளே வைத்தார். கார்ப்பெட்டுக்குக் கீழால் வயரை இழுத்து, தனியாக ஒரு பியூஸ் போட்டு பற்றரியோடு தொடுத்தார். கதவோரம் சின்னதாக ஒரு சுவிட்ச். போட்டால் சிவப்பு லைட் எரியும். தம்பியிடம் முதலே அனுமதி கேட்டிருந்தேன். "உங்கட விருப்பம் சின்னக்கா. சீற்றைப் பழுதாக்காமப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

முதல் பயணத்தில் அக்கா சுவிட்சைப் போட்டுவிட்டுச் சீற்றைத் தடவிப் பார்த்தாள். மதுரங்குளி வருமுன்னம் நித்திரையாகிவிட்டாள். அந்தக் காரில் அவள் கண்ணயர்ந்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

சில கிழமைகள் இப்படியே போயின. ஒவ்வொரு முறையும் ஏறியவுடன் சுவிட்சைப் போடுவாள். "சூடு காணுமோ?" என்று கேட்பேன். "ஓம், நல்லா இருக்கு" என்பாள். நானும் ஏதோ பெரிய காரியம் சாதித்தவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

பிறகொரு நாள் அவளுடைய கைப்பை சரிந்து விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது என் கை அவளுடைய சீற்றில் பட்டது.

குளிர்.

சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அழுத்திப் பார்த்தேன். பச்சைத் தண்ணீர் போலக் கிடந்தது சீற். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் என் கையை மெல்ல எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, முன்னால் இருந்தவர்களைக் கண்ணால் காட்டினாள். பேசாமல் வா என்று அர்த்தம்.

சிலாபத்தில் அக்கா உள்ளே போனதும், சுபா கடைக்குப் போனதும், தம்பியைப் பிடித்தேன். விஷயம் இதுதான் – இந்தக் காரில் விமான நிலையத்துக்கு அவன் ஏற்றிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முழங்கை சுவிட்சில் பட்டிருக்கிறது. சீற் சூடேறி, கார் நெருப்புப் பிடிக்கிறதென்று பயந்து, கெஸ்ட் ஹவுஸைப் பற்றி இன்டர்நெற்றில் ஏதோ மோசமாக எழுதிவிட்டாள். தம்பி அடுத்த நாளே வயரைக் கழற்றச் சொல்லிவிட்டான். லைட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

"அக்காவுக்குச் சொன்னனீயோ?"

கார்க் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"அவ கேக்கேல்லயே."

அவனுடைய போன் அடித்தது. ஆரோ இங்கிலீசில் அறை கேட்டார்கள். தேன் ஒழுகக் கதைத்துக்கொண்டு அங்காலே போனான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபின் அக்காவிடம் கேட்டேன். சீற் குளிர்வது அவளுக்கு எப்போதோ தெரியும்.

"அப்ப ஏனக்கா சூடு எண்டு எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

கட்டிலில் மெல்லச் சரிந்து படுத்தாள். எனக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொன்னாள்.

"நீ ஆசையாப் பூட்டுவிச்ச சாமான். இல்லையெண்டு சொன்னா அவனோட சண்டைக்குப் போவாய். மிஞ்சியிருக்கிறது நாங்கள் மூண்டு பேர்தானே."

எனக்குத் தம்பி மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால், சண்டைக்கும் போகவில்லை. போகவிடாமல் கட்டிப்போட்டுவிட்டாள். நியாயம் கேட்க முடியாத கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்? நான் இங்கே, இந்தப் பத்தியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். தம்பி தமிழ் பேப்பர் வாசிப்பதில்லை.

அடுத்த கிழமை அக்கா காரில் ஏற மாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. பஸ்ஸில் போவோம் என்றாள், அவ்வளவுதான். தம்பி போன் பண்ணி, "பஸ்ஸில ஏன் கஷ்டப்படுறியள்" என்று கேட்டான். வயரைத் திரும்பப் பூட்டுகிறேன் என்று அவன் சொல்லுவான் என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. கெஸ்ட் ஹவுஸில் இந்த நாட்களில் ஆட்கள் கூட, நேரமில்லை என்றான்.

புத்தளத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் நல்ல சனம். நிற்க இடமில்லை. யாரிடம் கெஞ்சுவது என்று நான் தடுமாறிக்கொண்டு நிற்க, அக்கா கம்பியைப் பிடித்தபடி கண்டக்டரைக் கூப்பிட்டாள். உப்பளத்தில் பழகிய சிங்களத்தில், தனக்கு முதுகு ஏலாது, இருக்க ஒரு இடம் வேண்டும் என்று, குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள். கண்டக்டர் ஒரு இளந்தாரியை எழுப்பிவிட்டு அவளை இருத்தினார்.

அக்காவுக்குக் கேட்கத் தெரியாது என்று ஆர் சொன்னது? வளர்த்த பிள்ளையிடம்தான் அவளுக்குக் கேட்கத் தெரியாது.