முரளி சாரின் கறுப்பு நோட்டு

அண்ணாமலையாரை நம்பி இங்கே எழுதும் நீங்கள் எல்லோரும் நல்லது நடந்ததைச் சொல்கிறீர்கள். நோய் தீர்ந்தது, கல்யாணம் கூடி வந்தது என்று. என் வாழ்க்கையில் முதலில் பலித்தது ஒரு கெட்ட வேண்டுதல். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

என் பெயர் கோமதி. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கிறேன். காமிக்ஸ் வரைந்து, நானே அச்சடித்து, நானே விற்பவள். செங்கம் ரோடு கஃபேக்களில் வெள்ளைக்காரர்களின் தட்டிலிருந்து தோசையைப் பிடுங்கும் குரங்குகள்தான் என் கதாநாயகர்கள். சென்னையில் காமிக்ஸ் கன்வென்ஷன் நடந்தால் போவேன். பெரிய மண்டபத்தில் வரிசையாக மேசை போட்டு, என்னைப் போன்றவர்கள் எங்கள் புத்தகங்களையும் படங்களையும் விற்போம். பக்கத்து மேசையில் எப்போதும் சல்மா. அவளும் நம் ஊர்தான், தேரடித் தெருப் பக்கம். பூனை ஸ்டிக்கர் வரைவாள். ஒருத்தி சாப்பிடப் போனால் மற்றவள் இரண்டு மேசையையும் பார்த்துக்கொள்வாள். அது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

போன மார்கழியில் நடந்தது இது. கன்வென்ஷனுக்கு வரும் சிலர் கையில் ஒரு வெற்று நோட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஓவியரிடமும் கொடுத்து ஒரு பக்கம் வரைந்து வாங்குவார்கள். காலையில் கொடுத்துவிட்டு மாலையில் வந்து எடுத்துப்போவார்கள். முரளி சார் செங்கல்பட்டிலிருந்து வருபவர். அவருடைய கறுப்பு நோட்டு பல வருடத்துச் சேமிப்பு. அதில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். காதைச் சொறியும் நாய்க்குட்டி.

"இத வரைஞ்ச பெரியவரு இப்ப இல்லைங்க. நீங்க அடுத்த பக்கத்துல வரைங்க" என்றார்.

மதியம் சல்மாவிடம் மேசையை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அவசர அவசரமாகத் தூரிகையை எடுத்தேன். முழங்கை பட்டுத் தூரிகை கழுவும் தண்ணீர் அப்படியே நோட்டின்மேல் கவிழ்ந்தது. நாய்க்குட்டி என் கண்ணெதிரே கரைந்து கறுப்புச் சேறானது. சல்மா யாருக்கோ ஸ்டிக்கர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. நோட்டை என் அட்டைப்பெட்டிக்குள் திணித்தேன்.

மாலையில் முரளி சார் வந்தார். நான் சொன்னது இதுதான்:

"மேசை மேலதான் சார் வச்சிருந்தேன். நான் சாப்பிடப் போனப்ப சல்மாதான் பாத்துக்கிட்டிருந்தா."

இரண்டு வாக்கியத்தில் ஒன்றுகூடப் பொய் இல்லை. நோட்டு திருடு போனதென்று அவரே முடிவு செய்துகொண்டார்.

நடத்துபவர்கள் வந்தார்கள். எல்லோர் முன்னாலும் சல்மாவின் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். பூனைகள் தரையெல்லாம் சிதறின. முரளி சார் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். என் பெட்டியை ஒருவரும் தொடவில்லை, நான் பறிகொடுத்தவள் அல்லவா! திரும்பி வரும்போது பஸ்ஸில் சல்மா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"எப்டி கவனிக்காம விட்டேன்னே தெரியல கோமு. என்னால உன் பேரு கெட்டுப்போச்சு. மன்னிச்சிடு."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நோட்டு எங்கள் தலைக்கு மேலே, பெட்டிக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சாமி அலமாரியின் பின்னால் அதை ஒளித்தேன். விளக்கேற்றி, "அண்ணாமலையாரே, இது யாருக்கும் தெரியக்கூடாது" என்று கும்பிட்டேன். பலித்தது. ஐந்து மாதம் ஒரு சுவருக்குக்கூடத் தெரியவில்லை. பயம் போய்விடும் என்று நினைத்தேன், ஜாஸ்திதான் ஆனது. தினமும் அந்த நோட்டின் முன்னால்தான் விளக்கேற்றினேன். குரங்கு வரைந்தால் அதன் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கன்வென்ஷனுக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. சல்மா பெயர் இல்லை. அவளே போன் செய்தாள்.

"எனக்குத் தரமாட்டாங்கன்னு தெரியும்டி. என் ஸ்டிக்கர உன் டேபிள் ஓரத்துல வச்சுக்கிறியா? எங்க அத்தா கேட்டா எனக்கும் டேபிள் கெடச்சிருக்குன்னு சொல்லிடு."

சரி என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். என்னைப்போல ஒரு ஈனப்பிறவி உண்டா?

மறுநாள் விடியும்போதே கிரிவலம் கிளம்பினேன். நோட்டு தோள்பையில் இருந்தது. சுற்றி முடித்ததும் அனுப்புபவர் பெயர் போடாமல் முரளி சாருக்குத் தபாலில் போட்டுவிடுவதாகத் திட்டம். திருவண்ணாமலை முத்திரையைப் பார்த்தால் சல்மாதான் பயந்துபோய் அனுப்பிவிட்டாள் என்று நினைப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிளம்பினேன்.

வழியெல்லாம் ஒன்றை மட்டும் கேட்டேன்: "என் வாயைத் திறந்து விடு. எனக்குத் தைரியம் கிடையாது. நீயே திற."

கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய கல்வாசலை உங்களுக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்துதான் வெளியே வரவேண்டும். எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அன்று பாதியில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருவர் சத்தம் போட்டார்.

"ஏம்மா, பையோட எப்டிம்மா வருவ? அதக் கழட்டி பின்னால குடு. அதுல என்ன தங்கமா வச்சிருக்க?"

அந்தக் கல்லிடுக்கில், முழங்கை சிராய்த்து, மூச்சு முட்டக் கிடந்தபடி நான் சொன்னேன்:

"தங்கம் இல்லம்மா. ஒருத்தரு நோட்டு. நான்தான் பாழாக்கினேன். பழிய இன்னொருத்தி மேல போட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன்! ஐந்து மாதம் வராத வார்த்தை, முன்பின் தெரியாத ஒருவரிடம், அத்தனை பேர் காதுபட வந்துவிட்டது. அந்த அம்மா கையை உள்ளே நீட்டினார். பிறகு என் கையிலிருந்து பையை உருவிக்கொண்டார். நான் ஊர்ந்து வெளியே வந்ததும், கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டி, "போய் அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி என்னாவப் போவுது?" என்றார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

தபாலாபீஸ் போகவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் முரளி சாரின் விலாசத்தோடு போன் நம்பரும் இருந்தது. அங்கேயே நின்று பேசினேன். அவர் முழுதும் கேட்டார். கடைசியில், "நோட்டு கெட்டது வேறங்க. அந்தப் பொண்ணத் திட்டின திட்ட நான் எங்க போய் எடுக்கிறது?" என்றார்.

அங்கிருந்து நேராக சல்மா வீட்டுக்குப் போனேன். அவள் அப்பாவும் இருந்தார். நோட்டைத் தரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பஸ்ல உன் தோள்லதானடி அழுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கன்வென்ஷன் நடத்துபவர்களுக்கும், ஓவியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் என் பெயரைப் போட்டே எழுதினேன். எனக்கு இனி மேசை கிடையாது என்றார்கள். நியாயம்தான். பத்து நாள் கழித்து அந்த மேசை சல்மாவுக்குப் போனது. அன்று மலையைப் பார்த்து நடுத்தெருவில் கைகூப்பி நின்றேன். முரளி சார் அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு, நனைந்த அதே நோட்டில் ஒரு பூனை வரையச் சொன்னாராம்.

இப்போது கஃபே வாசல்களில் என் புத்தகங்களை விற்கிறேன். குரங்குகள் மறுபடி சிரிக்கின்றன. ஏதாவது தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன், கையில் வைத்துக்கொள்வதில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பாரம் இருந்தால் அண்ணாமலையாரிடம் கேளுங்கள். மறைக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். சொல்ல வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர் கைவிடமாட்டார்.

சல்மா இன்னும் என்னோடு பழையபடி பேசுவதில்லை. இதை எழுதலாமா என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "எழுது. என் பேரப் போட்டே எழுது."

போட்டிருக்கிறேன். சல்மா எடுக்கவில்லை. நான்தான்.