இங்கிலாந்து ஃபுல்பேக்கும் செங்கல்பட்டுச் சரளையும்

சீமைக்குப் போய் பாரிஸ்டர் ஆகாமலே திரும்பி வந்த ஒரு பெரிய மனிதர்தான் ஐம்பதுகளில் எங்கள் செங்கல்பட்டுக் கால்பந்து அணிக்குக் காரியதரிசி. படிப்பு ஏறவில்லை, அங்கே பார்த்த ஒரு ஃபுல்பேக் மட்டும் தலைக்கேறியிருந்தான். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் அந்த ஆட்டக்காரனின் கதையை மாலைதோறும் அளப்பார். சுரங்கத் தொழிலாளி மகனாம். யுத்தத்திலிருந்து திரும்பியதும் ஊர் அணியில் சேர்ந்தானாம். கடைசிவரை வேறு அணிக்குப் போகவே இல்லையாம், தேசத்துக்கும் ஆடினானாம். படுத்துச் சறுக்கிப் பந்தைப் பறித்தால் எதிராளிமேல் தூசிகூடப் படாதாம். சொந்த மாமனைப் பற்றிப் பேசுவதுபோல் பெருமை வழியும். எனக்குக் கொட்டாவி வரும்.

எங்கள் ஃபுல்பேக் என் அண்ணன். அரிசி மண்டியில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். அடுத்த ஆட்டத்தைப் பார்க்க மதராஸிலிருந்து ரயில்வே அதிகாரி வருகிறார், நன்றாக ஆடினால் ரயில்வே பட்டறையில் கலாசி வேலை நிச்சயம் என்று பேச்சு. மூட்டையிலிருந்து தப்பிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி அதுதான். வெறுங்காலோடு நின்ற இடத்திலேயே பந்தைக் கவ்விவிடுவான். எவனும் அவனைத் தாண்டியதில்லை. காரியதரிசிக்கு அது போதவில்லை. எங்களை லாரியில் ஏற்றி மகாபலிபுரத்துக்குக் கொண்டுபோய், கடலோர ஈர மணலில் அண்ணனைச் சறுக்கப் பழக்கினார். ஈர மணலில் யார்தான் சறுக்கமாட்டார்கள்? அந்த மேதை கைதட்டிக் குதித்தார்.

"நம்ம கிரவுண்டு பூரா சரளை கீது சார்" என்றேன்.

"நீ கோலிதானே? கோலைப் பாரு, போதும்."

ஆட்டத்தன்று பந்து வந்ததும் ஓரத்திலிருந்து காரியதரிசி "சறுக்குடா!" என்று கத்தினார். அண்ணன் சறுக்கினான். தொடைத் தோல் சரளையோடு போயிற்று, முட்டி பிசகியது. நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம். அதிகாரி எதிரணி ஃபுல்பேக்குக்கு வேலை கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் காரியதரிசி ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "அந்தச் சீமை ஃபுல்பேக்குக்கும் இதே முட்டியிலதான்டா அடி" என்றார், பட்டம் கொடுப்பதுபோல்.

அண்ணன் கேட்டான்: "அந்தாளு சறுக்கன எடத்துல கீய இன்னா சார் இருந்திச்சி?"

"புல்லுடா! மழை பெஞ்சா வெண்ணெய் மாதிரி வழுக்கும்!" முகமெல்லாம் பூரித்துப்போயிற்று.

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதை அன்றுதான் பார்த்தேன். காரியதரிசியை அடிக்க வேண்டும்போல் இருந்தது. பெரிய மனிதர் கொண்டுவந்த ஆரஞ்சில் ஒன்றை உரித்து, கதையைத் தொடர்ந்துகொண்டே, அவரே தின்றார்.