காயாத பொடி

இங்கே கரியமில வாயுவைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சிலிண்டரில் வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளின் புகையை இலவசமாகவே குடித்து வளர்ந்த எனக்கு, ஜெர்மனி வந்து இத்தனை நாளாகியும் இது பழகவில்லை.

ஆய்வகத்தில் என் பிழைப்பு ஒரு மஞ்சள் நிறப் பொடி. உலோகமும் கரிமமும் பின்னிய சட்டகம், உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். நீரில் கலந்து, கரியமில வாயுவை ஊட்டி, விளக்கைப் போட்டால் அந்த வாயுவை ஃபார்மிக் அமிலமாக மாற்ற வேண்டும். மற்றவர்களுடையதைவிட என் பொடியில்தான் அமிலம் அதிகம் வந்தது. என் ஒப்பந்தம் நீளுமா, மூட்டை கட்டவேண்டுமா என்பது அதைப் பொறுத்தே இருந்தது. ஏற்காட்டு மலையில், கரடியூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அப்பா போனில் கேட்டார்:

"நம்ம மலைக்கு வர்ற பொகையெல்லாம் உம்பட பொடி குடிச்சுப்போடுமா சாமி?"

"குடிச்சுப்போடுங்கப்பா."

போன வாரம், சரிபார்ப்புக்காகக் கரியமில வாயுவே இல்லாமல், எதனோடும் சேராத ஆர்கான் வாயுவை மட்டும் நிரப்பி விளக்கைப் போட்டேன். ஒன்றும் வரக்கூடாது. அதே அளவு அமிலம் வந்தது. கருவி கெட்டிருக்கும் என்று மறுபடி ஓட்டினேன், மறுபடியும் அதேதான். பொடி செய்தபோது ஊற்றிய கரைப்பான் துளைகளில் தங்கி, அது சிதைந்துதான் அமிலமாகியிருக்கிறது. என் பொடி ஒரு துளிப் புகையையும் குடிக்கவில்லை. பக்கத்து மேசை லேனா எட்டிப் பார்த்து, "வாழ்த்துகள், உன் தவறை நீயே கண்டுபிடித்துவிட்டாய்" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது நிஜமான பாராட்டு என்று பிறகுதான் புரிந்தது.

கரைப்பான் முழுக்க வெளியேற, பொடியை வெற்றிட அடுப்பில் நூற்றைம்பது டிகிரியில் காய வைக்கவேண்டும். நான் எப்போதும் குறைத்தே வைத்தேன். குறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஏன் குறைக்கிறேன் என்று நானும் யோசிக்கவில்லை. எங்கள் களத்தில் உச்சிவெயில் ஏறினால் காப்பிக்கொட்டையைச் சாக்குப் போட்டு மூடுவோம், இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். அந்தப் பழக்கம் என் கையோடு விமானம் ஏறி வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத அதிர்ச்சி.

இன்று காலை புதுப் பொடியை அடுப்பில் வைக்கும்போது அப்பா அழைத்தார். அங்கே உச்சிவேளை. "இரு சாமி, கொட்டைய மூடிப்போட்டு வந்தர்றேன்" என்று போய்த் திரும்பி வந்து, "பொடி என்னாச்சு கண்ணு?" என்றார். ஆர்கான் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் காயலீங்கப்பா."

"மெதுவாக் காயட்டும். நொம்பச் சூடு காட்டாத, வெடிச்சுப்போகும்."

"சரிங்கப்பா" என்றேன். என் விரல் அடுப்பின் சூட்டை நூற்றைம்பதுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.