பீட்ரூட்டுக்குப் போன நல்ல பெயர்

"ரெண்டாவது கியர் போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு ஈரலை வாயில் போட்டுக்கொண்டார் அக்கா. நான் பதற்றத்தில் நான்காவதைப் போட்டேன். வண்டி குலுங்கி நின்றது. அவர் மடியிலிருந்த பொட்டலம் மட்டும் அசையவில்லை. அதை இரண்டு முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, கற்றுத்தருகிறவர் பக்கத்திலுள்ள தனி பிரேக்கின் மேல் ஒரு காலைத் தயாராக வைத்திருந்தார். "கிளட்ச்ச இப்படிப் போட்டு மிதிக்கிறீங்களே, அது என்ன உங்க மேனேஜரா?" என்றார், மென்றபடியே.

கார் ஓட்டக் கற்றுத்தரும் அவரை, கல்லூரிப் பெண்களிலிருந்து என்னைப்போல் வழுக்கை விழுந்தவர்கள்வரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். யாரையும் திட்டமாட்டார். ஆனால் நாம் தப்பாகத் திரும்பினால், எதிரே வருகிறவரைப் பார்த்துக் கும்பிடுவார். அது திட்டைவிட மோசம்.

அக்காவின் கணவர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கால் கட்டைவிரல் வீங்கி, செருப்புப் போட முடியாமல் தவித்தவர், டாக்டர் சொல்லி இறைச்சியை விட்டார். வீக்கம் வடிந்தது, தொப்பை கரைந்தது, குறட்டைகூடக் குறைந்தது. அதோடு நின்றிருக்கலாம். வீட்டிலிருந்த கறிச் சட்டிகளை எடைக்குப் போட்டார். கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, அவர்கள் எழுந்து ஓட முடியாத நேரமாகப் பார்த்து, "கறி சாப்பிடுறீங்களா?" என்று ஆரம்பிப்பார். கடைசி வரி எழுத்து தெரிகிறவரை பேச்சு ஓயாது.

அவருக்கு நல்லதாக முடிந்தது அக்காவைப் படுத்தியது. அக்காவுக்கு ஏற்கனவே ரத்தம் குறைவு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, சீப்பில் முடி கொத்தாக வந்தது, என்ன ஆசையோ தெரியவில்லை, பிரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியைக் கடித்தார். டாக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். இரும்புச் சத்து மாத்திரை அக்காவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வாரத்துல ஒருநாள் ரெண்டு நாள் ஈரல் சாப்பிடுங்க" என்றார். வெளியே வந்ததும் கணவர், "ஈரலாவது ஒண்ணாவது, நான் பாத்துக்கிறேன்" என்று பை நிறைய பீட்ரூட் வாங்கிவந்தார்.

விடிந்ததும் அவரே எழுந்து, சீவி, அரைத்து, வடிகட்டி, படுக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பார். "சண்டைக்கு நிக்கலாம்னுதான் பாத்தேன்" என்றார் அக்கா. "செவந்த கையோட டம்ளர நீட்டுறாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு என்னத்த சொல்றது?" அதனால் வீட்டில் சாறும், காரில் ஈரலும் என்று ஏற்பாடாயிற்று. பயிற்சி மைதானத்துக்கு எதிரேயுள்ள சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள்.

ரத்தம் ஏறியது. பெருமை முழுவதும் பீட்ரூட்டுக்குப் போயிற்று. கணவர் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைக் கடையில் எல்லோருக்கும் காட்டினார். அதோடு, அதே கோளாறு உள்ள தன் தங்கைக்கும் கூடை கூடையாக பீட்ரூட் அனுப்பத் தொடங்கினார். அந்தத் தங்கையும் அண்ணன் பேச்சை நம்பி டாக்டரிடம் போகாமல் அதையே குடித்து, ஒருநாள் படியில் மயங்கி விழுந்தாள்.

அன்று அக்கா எனக்கு எதுவுமே சொல்லித்தரவில்லை. "நான் வாய மூடிக்கிட்டது அவ உடம்புல போய் விழுந்திருக்கு" என்றார். மறுநாளே நாத்தனாரை டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கேயும் அதே பதில்தான். அதன்பின் என் வகுப்பில் பின் சீட்டுக்கு ஓர் ஆள் வந்தது. அண்ணனிடம், "டிரைவிங் கத்துக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தார்கள். பொட்டலம் இரண்டாயிற்று. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் வண்டிக்குப் பதில் ஓர் அசைபோடும் வாய்தான் தெரியும்.

தங்கையின் முகம் தெளிந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை வாசலைக் கடக்கும்போது நடுரோட்டில் இறங்கி எங்கள் வண்டியை மறித்தார். "இத்தன நாளாக் கத்துக்கிறியே, கொஞ்சம் ஓட்டிக் காட்டு" என்றார் தங்கையிடம்.

நான் சாவியை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, இறங்கி வழிவிட்டேன். அவள் வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "அண்ணி, இதுல சாவிய எங்க போடணும்?" என்றாள்.

கணவர் பின்கதவைத் திறந்தார். சீட்டில் பொட்டலம் விரிந்து கிடந்தது. என்னைப் பார்த்து, "நீங்களுமா?" என்றார்.

"நான் நிஜமாவே ஓட்டத்தாங்க வந்தேன்."

அக்கா இறங்கி அவர் எதிரே வந்து நின்றார். "ரெண்டு பேருக்கும் ரத்தம் ஏறினது இதனாலதாங்க. உங்க உடம்புக்கு அது ஆகாது, எங்களுக்கு அது இல்லாம ஆகாது. டாக்டரையே கேட்டுக்கோங்க."

"அப்ப நான் தினமும் சீவிக் குடுத்தது?"

"குடிச்சேங்க. ஒருநாளும் கீழ ஊத்தல."

அவர் திரும்பிக் கடைக்குள் போனார். அந்த வாரம் கண்ணாடி வாங்கப் போனவர்கள் வெறும் எழுத்துகளை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டிலும் பேச்சில்லை. பொட்டலம் வாங்கவும் அக்காவுக்கு மனம் வரவில்லை. "கோவப்பட்டாலாவது தேவல" என்றார்.

அடுத்த ஞாயிறு, மார்க்கெட் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். கறிக்கடை வரிசையில், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பையை உடம்பில் படாமல் எட்டிப் பிடித்தபடி, கண்ணாடிக் கடைக்காரர் நின்றிருந்தார். கறிக்கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, ஈரலை விரலால் சுட்டிக் காட்டினார்.

"அக்கா, அங்க பாருங்க" என்றேன்.

"பாத்துட்டேன். நீங்க ரோட்டப் பாருங்க" என்று சொன்ன அக்கா, அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் சீட்டில் சரிந்து, தலை வெளியே தெரியாமல் குனிந்துகொண்டார்.