மலைக்கு ஒரு மெம்பர்

போர்டு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இருப்பது கால் ஆடுகிற ஒரே நாற்காலி. ஆனால் ஊரிலுள்ள பதவிகளையெல்லாம் அவன்தான் பங்கு போடுகிறான் என்று ஊர் நம்பும். நானும் அப்படியொரு குமாஸ்தாதான்; இந்த அவஸ்தையைப் பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பித் தோட்டம் நடத்திய காலம் அது. மலையின் சாலை, தண்ணீர், சந்தை, சுகாதாரம் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு போர்டு இருந்தது. மெம்பர்களை ஓட்டுப் போட்டு எடுப்பதில்லை. தலைவர் பெயர் சொல்லுவார், கலெக்டர் நியமிப்பார். தலைவர் ஒரு தோட்டத் துரை. மெம்பர்கள் நாலு பேரும் துரைமார்தான், கடைவீதி மண்டிக்காரரான செட்டியார் ஒருவரைத் தவிர.

காலியான இடம்

மெம்பர் துரை ஒருவர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அந்த வாரமே என் வீட்டுக்குப் பலாப்பழம் வர ஆரம்பித்தது. கொண்டுவந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்து மாளவில்லை. வெறுங்கையோடு வந்தவர் ஒருவர்தான், மாரமங்கலத்துச் சடையக் கவுண்டர். தினையும் சாமையும் விதைக்கிற மலைக்காரர்.

அவர் சங்கதியை நின்றுகொண்டே சொன்னார். ஊருக்கு மேலே உள்ள எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோல் உரித்துக் கழுவுகிற தண்ணீர், இவர்கள் குடிக்கிற ஓடையில் விழுகிறது. பழம் எடுக்கிற மாசங்களில் ஓடை புளித்து நாறும். போன வருஷம் அவர் தம்பியின் இரண்டு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. மனு கொடுத்தால் ‘யோசிக்கப்படும்’ என்று பதில். யோசிக்கிற இடத்தில் எங்கள் ஆள் ஒருவன் உட்கார வேண்டும் என்றார். கூட்டமெல்லாம் இங்கிலீஷில் நடக்கும், உங்களுக்குத் தோதுப்படாது என்று நான் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, இங்கிலீசு தெரியோணும்னு சட்டத்துல இருக்குதுங்களா, இல்ல உங்க வாயில மட்டுந்தான் இருக்குதுங்களா?”

ஏரிக்கரையில் நின்றவர்

சட்டத்தில் இல்லை. தலைவரிடம் அதையும் கவுண்டர் பெயரையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. மலைக்காரருக்குக் கூட்டத்தில் தூக்கம்தான் வரும் என்று சிரித்துவிட்டு, தன் நண்பர் ஒருவரின் பெயரை எழுதச் சொன்னார்.

கோடைக்குக் கலெக்டர் மலைக்கு வந்து தங்கினார். காலையில் ஏரிக்கரையில் நடப்பார். சடையக் கவுண்டர் விடிவதற்கு முன்பே கிளம்பி வந்து அந்த வழியில் நிற்பார். கலெக்டரின் டபேதார் விரட்டினால் பத்தடி தள்ளிப் போய் நிற்பார். மறுநாளும் வருவார். மழை பெய்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பார். ஒருநாள் கலெக்டரே நின்று, யார் இந்த ஆள் என்று கேட்டார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். காலியான மெம்பர் இடத்தைக் கேட்டு நிற்கிறார் என்று சொன்னேன். மெம்பரானால் என்ன செய்வாய் என்பது கலெக்டரின் கேள்வி. கவுண்டர் யோசிக்கவேயில்லை. “எங்க தண்ணியப் பத்தி எங்களுக்குத் தெரியாமயே முடிவு பண்றாங்க தொரை. அதக் கேட்டுக்கிட்டு வந்து ஊர்ல சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க.”

கலெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடையைத் தொடர்ந்தார். கோடை முடிந்து அவர் இறங்கிப் போன பிறகு நியமன உத்தரவு வந்தது. அதில் இருந்தது தலைவரின் நண்பர் பெயர் அல்ல, கவுண்டர் பெயர். உத்தரவைக் கொண்டுவந்த டபேதார் சொன்னது: “நான் வெரட்டி வெரட்டி ஓஞ்சேன், அந்தாளு நின்னு நின்னே ஜெயிச்சுட்டாருங்க.”

முதல் கூட்டம்

அதுவரை எங்கள் கூட்டம், கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். தலைவர் வாசிப்பார், எல்லாரும் கை தூக்குவார்கள். கவுண்டர் கை தூக்கவில்லை. என்ன சொன்னார்கள் என்று தமிழில் சொல்லுங்கள் என்றார் என்னிடம். சொன்னேன். இதனால் யாருக்கு என்ன ஆகும் என்றார். அதையும் சொன்னேன். ஒவ்வொரு விஷயத்துக்கும் இப்படியே. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கவுண்டர் அசையவில்லை. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. செட்டியார்தான் சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். கூட்டம் முடிந்ததும் அவர் என்னை ஓரமாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்: “இத்தன வருசமா நானுந்தானப்பா கையத் தூக்குனேன். எதுக்குத் தூக்குனேன்னு இன்னிக்குத்தான் தெரியுது.”

யார் சுகாதார அதிகாரி?

சுகாதாரப் பகுதிக்குத் தலைமை பார்த்தவர் ஓய்வு பெற்றார். ஓடையை அசுத்தம் செய்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் தலைவருடைய எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டரின் மச்சான், நல்ல மிடுக்கு. இன்னொருவர் சேலத்துக்காரர், சுகாதாரப் பரீட்சை தேறியவர், எப்போதும் சிடுசிடுத்த முகம். தலைவர் மச்சான் பெயரைச் சொன்னார். கவுண்டர் எழுந்து, இரண்டு பேரும் எங்கள் ஓடையை வந்து பார்க்கட்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படி வழக்கமில்லை என்றார் தலைவர். கவுண்டர் உட்காரவில்லை. செட்டியார், “பாத்தா என்னங்க தப்பு?” என்றார். இரண்டு துரைமாரும் தலையாட்டிவிட்டார்கள்.

பழம் எடுக்கிற சமயம். தலைவரும் கூடவே வந்தார். மச்சான் சாலையிலேயே நின்று, இங்கிருந்தே தெரிகிறது என்றார். சேலத்துக்காரர் முள்ளுச் செடியை விலக்கிக்கொண்டு இறங்கினார். காலில் அட்டை ஏற, தண்ணீரை அள்ளி முகர்ந்தார். மேலே ஏறி வந்து, இது யார் எஸ்டேட் தண்ணீர் என்று என்னைக் கேட்டார். தலைவர் என் பக்கத்தில் நின்றார். கவுண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “தலைவருடையது” என்றேன். அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டே அந்த மனுஷர் சொன்னார்: “யாருதா இருந்தா என்னங்க, நாத்தம் ஒண்ணுதான?”

முதல் உத்தரவு

செட்டியாரும் இரண்டு துரைமாரும் கவுண்டரும் கை தூக்க, சேலத்துக்காரருக்கே வேலை ஆயிற்று. தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் புது அதிகாரியின் உத்தரவு வந்ததும் எஸ்டேட்டில் குழி வெட்டி, கழுவின தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டார்.

அதே கையோடு இன்னொரு உத்தரவும் போனது. ஓடைக்கரையில் இருந்த கவுண்டரின் மாட்டுப்பட்டியைப் பிரித்துவிட வேண்டும் என்று. ஊரே கொதித்தது. நாம கொண்டுவந்த ஆள் நம்ம தலையிலேயே கை வைக்கிறானே என்று. கவுண்டர் என்னிடம் சொல்லி நிறுத்தப் பார்ப்பார் என்று நினைத்து, நானே மாரமங்கலம் போனேன். அவர் மகன்களோடு பட்டிக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். நொம்ப வருத்தந்தான், நாலு தலைமுறைப் பட்டி என்றார். பிறகு கம்பத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: “தொரைக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயம்னு அந்தாளு பாத்திருந்தா, அடுத்த கூட்டத்துல நானே எந்திரிச்சிருப்பனுங்க.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கண்டது, நமக்கு வேண்டிய ஆளைப் பதவியில் வைக்க ஒரு பங்கு வைராக்கியம் போதும், அந்த ஆள் சரியாக வேலை செய்கிறபோது அதைத் தாங்கிக்கொள்ளத்தான் இரண்டு பங்கு வேண்டியிருக்கிறது.